நான்கு திசையில் ஓர் எழுத்து: ஜேம்ஸ் எவன்ஸும் கிரீ மக்களின் படிப்பும்

1840 ஆகஸ்டில் ஜேம்ஸ் எவன்ஸ் என்ற மெதடிஸ்ட் மிஷனரி, இன்றைய கனடாவில் வின்னிபெக் ஏரியின் வடகோடியில் இருக்கும் நார்வே ஹவுஸுக்கு வந்து சேர்ந்தார். குளிர்காலம் முழுதாக இறங்குவதற்குள், அங்கே வாழும் பூர்வகுடிகளான கிரீ மக்களின் மொழியில் ஒரு ஞானப்பாட்டை அச்சிட்டு முடித்திருந்தார். அதை அச்சிட்ட எழுத்து அதுவரை எந்தப் புத்தகத்திலும் வந்ததில்லை. அச்செழுத்துகளை அவரே ஈயத்தில் வார்த்திருந்தார். அடுத்த பத்தாண்டுகளில் அந்த எழுத்து, மிஷனரிகளின் காலடி படாத காடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

இந்த வேகத்தைப் பார்த்து அவரை மேதை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பக்தி நூல்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் வெற்றியின் காரணம் வேறிடத்தில் இருப்பதாகவே தோன்றுகிறது: பள்ளிக்கூடத்துக்கு வர முடியாதவர்களுக்காக, ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோதும் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கும்படி அமைந்த எழுத்து அது. பரப்பியவர்கள் கிரீ மக்களே. இதைப் புரிந்துகொள்ள முதலில் அந்த இடத்தின் ஆண்டுச் சுழற்சியைப் பார்க்க வேண்டும்.

இலையுதிர் காலத்தில் குடும்பங்கள் பொறிவைத்து விலங்கு பிடிக்கும் காடுகளுக்குப் பிரிந்து போய்விடும். ஏரியும் ஆறும் உறைந்து, மீண்டும் உருகும்வரை அங்கேதான் வாழ்க்கை. வசந்தத்தில் தோல்களைக் கொண்டுவந்து வணிக நிலையத்தில் கொடுத்துச் சாமான் வாங்குவார்கள். கோடையில் ஆண்களில் பலர் யார்க் படகுகளில் துடுப்புப் போடப் போவார்கள்; ஹட்சன் வளைகுடாக் கரையிலுள்ள யார்க் ஃபாக்டரிவரை சரக்கை ஏற்றி இறக்குவது அவர்கள் வேலை. ஆக, ஓர் ஆசிரியர் முன்னால் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கக்கூடிய காலம் ஆண்டுக்குச் சில வாரங்கள்தான். மிஷன் கிராமத்தில் நிலைத்துவிட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து பள்ளி நடத்தலாம். மற்றவர்களுக்கு, அந்தச் சில வாரங்களில் கற்றுக்கொடுக்க முடிந்ததுதான் படிப்பு.

மிஷனரி அங்கே சுதந்திர மனிதரும் அல்ல. அந்த நிலப்பரப்பு முழுவதும் தோல் வணிகம் செய்த ஹட்சன் பே கம்பெனியின் ஆட்சியில் இருந்தது. கம்பெனியின் வடஅமெரிக்க ஆளுநர் ஜார்ஜ் சிம்சன், லண்டன் மெதடிஸ்ட் சங்கத்தோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். அதன்படி நால்வர் வந்தார்கள்: நார்வே ஹவுஸுக்கு எவன்ஸ், மூஸ் ஃபாக்டரிக்கு ஜார்ஜ் பார்ன்லி, ரெய்னி ஏரிக்கு வில்லியம் மேசன், எட்மண்டனுக்கு ராபர்ட் ரண்டில். நால்வருக்கும் எவன்ஸே கண்காணிப்பாளர். பயணம், தங்குமிடம், உணவு ஆகியவற்றைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். பதிலுக்கு மிஷனரிகள் கம்பெனியின் விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். கம்பெனிக்கு இதில் சொந்த லாபமும் இருந்தது. வேட்டைக்காரர்கள் பாதிரிமார்களையும் பள்ளியையும் தேடித் தெற்கே ரெட் ரிவர் குடியேற்றத்துக்குப் போய்விட்டால் தோல் யார் கொண்டுவருவது? மிஷன் பக்கத்திலேயே இருந்தால் அவர்களும் பக்கத்திலேயே இருப்பார்கள். சோறு போடுபவரே மேலதிகாரியும் ஆகிவிடும் இந்த அமைப்பு பிற்பாடு எவன்ஸின் வாழ்க்கையையே நொறுக்கியது.

எவன்ஸ் புதிய ஆளாக வரவில்லை. 1801இல் இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் பிறந்தவர். இளமையில் மளிகைக் கடையில் தொழில் பழகினார். 1820களின் தொடக்கத்தில் கனடாவுக்குக் குடிபெயர்ந்து பள்ளி ஆசிரியரானார். 1828 முதல் ரைஸ் ஏரிக்கரையில் ஒஜிப்வே என்ற பூர்வகுடியின் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். ஒஜிப்வேயும் கிரீயும் ஒரே மொழிக்குடும்பம், அல்கோன்கியன். ஒன்றில் காது பழகியவருக்கு மற்றதன் ஒலிகள் அந்நியமாக இருக்காது. 1837இல் ஒஜிப்வேக்கு ரோமன் எழுத்தில் ஓர் எழுத்துக்கூட்டுப் பாடநூல் தயாரித்து, நியூயார்க்கில் தங்கி அச்சு வேலையை மேற்பார்வையிட்டார். அச்சுக்கூடத்தில் அப்போது கண்ட கைவேலைதான் பின்னால் நார்வே ஹவுஸில் உதவியிருக்க வேண்டும். அதே காலத்தில் ஒஜிப்வேக்கு அசையெழுத்து ஒன்றையும் முயன்றார். பைபிள் சங்கத்தார் அதை ஏற்கவில்லை.

ரோமன் எழுத்தில் கற்பிப்பதில் இருந்த சிக்கல் இரண்டு. ஒன்று, கிரீச் சொற்கள் நீளமானவை. வினையோடு எழுவாயும் செயப்படுபொருளும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக ஓடும். ஒவ்வோர் ஒலிக்கும் ஓர் எழுத்து என்று எழுதினால், புதிதாகப் படிப்பவர் சொல்லின் பாதியைத் தாண்டுவதற்குள் தொடக்கத்தை மறந்துவிடுவார். 'சாகஹிகன்' என்றால் ஏரி. ரோமனில் அதற்கு ஒன்பது எழுத்து வேண்டும். இரண்டாவது சிக்கல், ஆங்கிலத்தின் வழியாக வந்த எழுத்து ஆங்கிலத்தின் குழப்பங்களையும் சுமந்து வந்தது. கிரீயில் ப, ட, க ஒலிகள் அழுத்தியும் மென்மையாகவும் ஒலிக்கும். ஆனால் அந்த வேறுபாட்டால் பொருள் மாறாது. 'பம்பரம்' என்ற சொல்லில் ஒரே ப எழுத்து இரண்டு விதமாக ஒலித்தும் நாம் தடுமாறுவதில்லை, அதே நிலைதான். ரோமனில் எழுதும்போதோ 'P'யா 'B'யா, 'K'யா 'G'யா என்று எழுதுகிறவரின் காதுக்குக் கேட்டபடி மாறிமாறி வரும். ஒரே சொல் நாலு பேர் கையில் நாலு வடிவம் எடுக்கும்.

எழுத்து எப்படி வேலை செய்கிறது

தமிழ் படித்தவருக்கு இதை விளக்குவது எளிது. நம்மிடம் க, கி, கு, கெ என்று மெய்யின் உருவம் நிலையாக இருக்க, உயிரைக் காட்டக் குறிகள் சேர்கின்றன. எவன்ஸின் எழுத்தில் குறி எதுவும் சேர்வதில்லை, எழுத்தே திரும்புகிறது. மெய்யை உருவம் சொல்லும், உயிரைத் திசை சொல்லும்.

கிரீயில் உயிர் ஒலிகள் தன்மையால் நான்கு: ஏ, இ, ஒ, அ. இவற்றில் இ, ஒ, அ மூன்றுக்கும் குறிலும் நெடிலும் உண்டு. ஏ எப்போதும் நெடில். ஆக ஏழு. மெய்கள் பத்தளவில்தான். தனி உயிருக்கு ஒரு முக்கோணம். அதன் முனை மேலே பார்த்தால் இ, வலப்புறம் பார்த்தால் ஒ, கீழே பார்த்தால் ஏ, இடப்புறம் பார்த்தால் அ. முக்கோணத்தின் அடிக்கோட்டை எடுத்துவிட்டால் அது ப வரிசை: கூரை போல நின்றால் பி, வலப்புறக் கூர் பொ, கீழ்நோக்கிய கூர் பே, இடப்புறக் கூர் ப. கூர்முனையை வளைவாக்கினால் ட வரிசை. இவை மூன்றும் சமச்சீரான வடிவங்கள். ஆகவே கால் கால் சுற்றாகத் திரும்புகின்றன.

க, ச, ம, ந, ய போன்றவற்றின் வடிவங்கள் சமச்சீரற்றவை. ம வரிசையை எடுத்துக்கொண்டால், அது ஒரு கட்டத்தின் மூலை. கீழ்-இடது மூலை ம, மேல்-இடது மூலை மி, மேல்-வலது மூலை மே, கீழ்-வலது மூலை மொ. இங்கே வடிவம் சுற்றுவதோடு கண்ணாடியில் பார்ப்பதுபோலப் புரண்டும் வருகிறது. முதல் அமைப்பில் எட்டு மெய்களுக்கும் தனி உயிருக்கும் சேர்த்து ஒன்பது அடிப்படை வடிவங்கள், 'ஸ்ப' என்ற கூட்டொலிக்கு இன்னொன்று. இந்தப் பத்தாவது பின்னால் வழக்கொழிந்தது. ஒன்பது வடிவம், நான்கு திசை, மொத்தம் 36 எழுத்து. மனப்பாடம் செய்ய வேண்டியது ஒன்பது மட்டுமே. மீதியை விதி பார்த்துக்கொள்கிறது.

உயிர் இல்லாமல் தனியாக நிற்கும் மெய்யை, வரிக்குச் சற்று மேலே சிறு கோடாகவோ வளைவாகவோ எழுதுவார்கள். நம் புள்ளி வைத்த மெய்க்கு இணையானது அது. வகர ஒலியை எழுத்தின் பக்கத்தில் ஒரு புள்ளி காட்டும்.

எவன்ஸ் இதை எங்கிருந்து எடுத்தார்? 1837இல் ஐசக் பிட்மன் வெளியிட்ட சுருக்கெழுத்தில் கோட்டின் சாய்வும் தடிப்பும் ஒலியை வேறுபடுத்தும். அதன் தாக்கம் தெளிவாகத் தெரிகிறது. தேவநாகரியின் சாயல் சில வடிவங்களில் இருப்பதாகவும் ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். ஆனால் கிரீ மக்களிடையே வேறொரு வரலாறு வழங்குகிறது. மிஸ்தானாஸ்கோவேவ் என்ற பெரியவர் இறந்து மீண்டவர் என்றும், ஆவியுலகிலிருந்து இந்த எழுத்துகளைப் பூர்ச்சப் பட்டையில் பெற்றுவந்தார் என்றும் அது சொல்கிறது. எவன்ஸின் அச்சு ஆவணங்கள் தேதியோடு இருக்கின்றன என்பதால் இந்த மரபைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. தள்ளிவிடக் கூடாது. ஒரு மக்கள்கூட்டம் இந்த எழுத்தை வெளியாள் கொடுத்த பொருளாகவே கருதவில்லை என்பதற்கு அதைவிட வலுவான சான்று கிடைக்காது. எவன்ஸைச் சுற்றி மொழி தெரிந்த உள்ளூர்க்காரர்கள் பலர் இருந்தார்கள். ஒலிகளைப் பிரித்துக் காட்டியதில் அவர்கள் பங்கு பதிவாகாமலே போனது.

ஈயமும் ஓக் மரமும்

எழுத்து இருந்தால் போதாது, தாள் வேண்டும், அச்சு வேண்டும். லண்டனிலிருந்து கப்பல் ஆண்டுக்கு ஒரு முறைதான் ஹட்சன் வளைகுடாவுக்கு வரும். இந்தக் கோடையில் கேட்டால் அடுத்த கோடையில் வந்தால் அதிர்ஷ்டம். அச்சுப்பொறி உள்ளே வருவதைக் கம்பெனியும் தொடக்கத்தில் விரும்பவில்லை. எனவே எவன்ஸ் கையில் இருந்ததை வைத்துத் தொடங்கினார்.

அவர் வார்த்த முறை அவருடைய நாட்குறிப்பிலிருந்து தெரிகிறது. முதலில், நன்றாக இழைத்து மெருகேற்றிய ஓக் மரத்துண்டில் எழுத்தைக் குழிவாகச் செதுக்கினார். அடுத்து, ஓர் அங்குலச் சதுர இரும்புக் கம்பியின் ஒரு பக்கத்தில், அச்செழுத்தின் உடல் அளவுக்குச் சதுரப் பள்ளம் ஒன்றை அரத்தால் அராவினார். கம்பியின் பள்ளம் செதுக்கிய எழுத்தின்மேல் சரியாக உட்காரும்படி வைத்து, திறந்த பக்கத்தை மெருகேற்றிய இன்னொரு கம்பியால் மூடி, உருக்கிய ஈயத்தை ஊற்றினார். ஈயம் தேயிலைப் பெட்டிகளின் உட்தகட்டிலிருந்தும் தோட்டாக்களிலிருந்தும் கிடைத்தது. ஆறியபின் எழுத்தின் முகத்தைச் சீர்செய்து, எல்லாத் துண்டுகளையும் ஒரே உயரத்துக்கும் ஒரே சதுரத்துக்கும் அராவினார்.

இதில் எங்கே தவறும் என்பதைக் கவனித்தால் உழைப்பின் கனம் புரியும். தொழில்முறை அச்செழுத்தில் ஈயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் சேரும். ஆன்டிமனி உலோகத்தைக் கடினமாக்கும், ஆறும்போது சுருங்குவதையும் குறைக்கும். வெறும் ஈயம் மென்மையானது. அழுத்தத்தில் முகம் நசுங்கும். சுருங்குவதால் விளிம்பு முழுதாக நிரம்பாது. எவன்ஸ் ஈயத்தைத் திரும்பத் திரும்ப உருக்கிக் கடினமாக்க முயன்றார். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும். அந்த வெப்பம் மரத்தைக் கருக்கும். பல முறை ஊற்றினால் செதுக்கிய விளிம்பு மழுங்கிவிடும். துண்டுகளின் உயரத்தில் மயிரிழை வேறுபாடு இருந்தாலும் உயர்ந்த எழுத்து தாளைக் கிழிக்கும், தாழ்ந்தது பதியவே பதியாது.

இந்த எழுத்துக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. மரத்தில் எழுத்தை நேராகச் செதுக்கினால்தான் ஈயத்தில் தலைகீழ்ப் பிம்பமாகவும் தாளில் மீண்டும் நேராகவும் வரும். ரோமன் எழுத்தில் இது தவறினால் உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும். இங்கே, பிம்பமாகச் செதுக்கப்பட்ட 'மே', தாளில் குறையில்லாத 'மி'யாக விழும். பிழை பிழையாகவே தோன்றாது. மறுபக்கம், இதே அமைப்பு ஒரு வசதியும் தருகிறது: உடல் சதுரமாக இருப்பதால் 'மே'யை அரைச் சுற்றுத் திருப்பிக் கோர்த்தால் அதுவே 'ம' ஆகிவிடும்; சமச்சீரான முக்கோணம் நான்கு உயிருக்கும் பயன்படும். 36 எழுத்துக்கு 36 அச்சு செதுக்க வேண்டியதில்லை.

மை, கரியும் மீன் எண்ணெயும் கலந்தது. அச்சு மைக்கு வழக்கமாகக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைச் சேர்ப்பார்கள். காற்றுப் பட்டால் அது இறுகிப் படலமாகும். மீன் எண்ணெய் அவ்வளவு எளிதில் உலராது. எழுத்தைச் சுற்றிக் கசியும். அழுத்துவதற்குத் தோல் கட்டுகளை இறுக்கும் திருகுப்பொறி பயன்பட்டது. பொதி ஒன்றைச் சுமார் 90 பவுண்டாக நசுக்கிக் கட்டும் பொறி அது. ஒரு தாளின்மேல் சீராக அழுத்துவதற்காகச் செய்யப்பட்டதல்ல. தாளுக்குப் பதிலாகப் பூர்ச்சப் பட்டையும் பயன்பட்டது. 1841இல் 16 பக்கப் பாட்டுப் புத்தகம் ஒன்று வந்தது. முறையான அச்சுப்பொறியும் வார்த்த எழுத்துகளும் லண்டனிலிருந்து வந்து சேர மேலும் சில ஆண்டுகள் ஆயின.

நெடிலைக் காட்ட எவன்ஸ் செய்த சோதனைகள் தனியாகச் சொல்லத் தக்கவை. 1840இல் குறிலுக்கு மெல்லிய கோடு, நெடிலுக்குத் தடித்த கோடு. மென்மையான ஈயமும் கசியும் மையும் இருக்கும் இடத்தில் மெல்லியதும் தடித்ததும் ஒன்றாகிவிடும். 1841இல் முறையை மாற்றினார்: ஏற்கெனவே வார்த்த அச்செழுத்தின் முகத்தில் சிறு வெட்டு ஒன்றைப் போட்டார். அச்சில் கோடு இடையில் முறிந்து தெரிந்தால் அது நெடில். புதிதாக எதையும் செதுக்க வேண்டாத தீர்வு. ஆனால் மை கொஞ்சம் அதிகமானால் வெட்டு அடைபட்டு நெடில் காணாமல் போகும். கையால் எழுதுவோர் முறிந்த கோட்டுக்குப் பதில் எழுத்தின் மேலே ஒரு புள்ளி வைத்தார்கள். இன்றுவரை நிலைத்தது அதுதான்.

காட்டுக்குள் நடந்த பள்ளி

கற்பித்த வரிசை எளிமையானது. நான்கு பத்திகளும் ஒன்பது வரிசைகளும் கொண்ட அட்டவணை. ஒவ்வொரு வரிசையையும் ஏ, இ, ஒ, அ என்ற ஒரே முறையில் ராகமாகச் சொல்ல வேண்டும்: பே, பி, பொ, ப, டே, டி, டொ, ட. இரண்டு வரிசை நன்றாக வந்துவிட்டால் மூன்றாவது வரிசையில் மாணவரே திசையை வைத்து ஒலியை ஊகித்துவிடுவார். பிறகு ஏற்கெனவே பாடிப் பழகிய ஞானப்பாட்டை எழுத்தில் காட்டுவது. வாய்க்குத் தெரிந்த வரியைக் கண் பின்தொடர்கிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் சலிப்பு இல்லை. முதல் அச்சு ஒரு பாட்டாக இருந்ததற்கு இறைப்பற்று ஒரு காரணம் என்றால், கற்பித்தல் நுட்பம் இன்னொரு காரணம்.

பாட்டை வாசிக்க வந்தவர் அடுத்து எழுதத் தொடங்குவார். கரித்துண்டும் பட்டையும் காட்டில் எங்கும் கிடைக்கும். வேட்டைப் பாதையில் பின்னால் வருபவருக்குச் செய்தி எழுதி வைத்துவிட்டுப் போகலாம். எழுத்து பக்தியைத் தாண்டி அன்றாடத் தேவைக்குள் நுழைந்தது இந்த இடத்தில்தான். படகுக் குழுக்களில் துடுப்புப் போட்டவர்கள் தங்கும் இடங்களிலெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கூர்மையானவர்கள் சில நாட்களிலேயே படிக்கக் கற்றார்கள் என்று அக்காலப் பதிவுகள் கூறுகின்றன. எல்லோரும் ஒரே மாலையில் கற்றார்கள் என்பது போன்ற கதைகளை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் மொழியை ஏற்கெனவே அறிந்த பெரியவருக்கு ஒன்பது வடிவமும் ஒரு விதியும் பெரிய சுமையல்ல.

குறைகளும் இருந்தன, இன்னும் இருக்கின்றன. திசைதான் உயிர் என்பதால் பட்டையைத் தலைகீழாகப் பிடித்தால் வேறு அசைகள் வரும். மேலே நிற்கும் சிறு மெய்க்குறிகளைப் பார்த்துத்தான் எது மேல்பக்கம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். நெடில் புள்ளியைப் பெரும்பாலோர் வைப்பதில்லை. அப்போது 'நிபிய்' என்ற நீரும் 'நீபிய்' என்ற இலையும் ஒரே எழுத்தாகின்றன. அதேபோல 'சாகஹிகன்' என்ற ஏரியும், முதல் அசை குறிலான 'சகஹிகன்' என்ற ஆணியும் ஒன்றாகிவிடும். ஹகர ஒலியும் பல நேரம் விட்டுப்போகும். தாய்மொழிக்காரர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார், சரியாகவே வாசிப்பார். பிற்காலத்தில் மொழியைப் புதிதாகக் கற்க வரும் பேரப்பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கனம் பெரிய தடையாகிறது.

ராஸ்வில் என்ற மிஷன் கிராமத்தின் பள்ளியை எவன்ஸ் தனியாக நடத்தவில்லை. ஒஜிப்வே இனத்தவரான ஹென்ரி பேர்ட் ஸ்டைன்ஹவர் அங்கே ஆசிரியராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் உழைத்தார். டெனே என்ற இன்னொரு பூர்வகுடியின் மொழி பேசிய டாமஸ் ஹசல் இன்னோர் ஆசிரியர். எவன்ஸின் மனைவி மேரியும் கிராமத்தின் அன்றாட வேலைகளில் தோள்கொடுத்தார். மிஷனரியின் நாளில் பாடம் சொல்வது ஒரு பகுதிதான்; மரம் அறுப்பது, வீடு கட்டுவது, தோட்டம் போடுவது, குளிரில் நாய்வண்டியில் நெடுந்தூரம் போவது எல்லாம் அதே சம்பளத்துக்குள் அடங்கியவை. கோடைப் பயணங்களுக்குத் தகரத்தால் ஒரு படகும் செய்துவைத்திருந்தார். பாறையில் மோதி ஓட்டை விழுந்தால் பற்றாசு வைத்து அடைத்துக்கொள்வார்.

கம்பெனியோடு மோதல் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கியது. மெதடிஸ்டுகளான கிரீப் படகோட்டிகள் ஓய்வுநாளில் துடுப்புப் போட மறுத்தார்கள். ஆறுகள் திறந்திருக்கும் குறுகிய காலத்துக்குள் சரக்கை நகர்த்த வேண்டிய கம்பெனிக்கு, வாரத்தில் ஒரு நாள் போவது பெரிய இழப்பு. கிராமத்தில் நிலைத்து உழுகிறவர்கள் குறைவாகவே வேட்டைக்குப் போவார்கள் என்ற கவலையும் சேர்ந்தது. தோல்களை மக்கள் விரும்பியவருக்குக் கொடுக்கலாம் என்ற பேச்சும் எழுந்தபோது சிம்சனின் பொறுமை போய்விட்டது. எவன்ஸைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனி லண்டன் மெதடிஸ்ட் சங்கத்தைக் கேட்டது.

1844 செப்டம்பரில், வடமேற்கே டெனே மக்களை நோக்கிய படகுப் பயணத்தில், எவன்ஸின் கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்து ஹசல் இறந்தார். எவன்ஸ் அந்த இழப்பிலிருந்து மீளவே இல்லை. 1846இல் மிஷன் கிராமப் பெண்கள் தொடர்பான நடத்தைக் குற்றச்சாட்டு எழுந்தது. சக மிஷனரி மேசன் விசாரணை நடத்தினார். வரலாற்றாசிரியர்கள் இன்றும் அதுபற்றி ஒரே முடிவுக்கு வரவில்லை. கம்பெனியின் பகையையும், குற்றம்சாட்டியவர்களின் சொல்லுக்கு அன்று கிடைத்த குறைந்த மதிப்பையும் சேர்த்தே அந்த ஆவணங்களைப் படிக்க வேண்டும். அவர் இங்கிலாந்துக்கு அழைக்கப்பட்டார். அங்கே அதே ஆண்டு நவம்பர் 23 அன்று இறந்தார். நார்வே ஹவுஸில் அவர் வாழ்ந்தது ஆறே ஆண்டுகள்.

கிரீ வேதாகமம் முழுமையாக வெளிவந்தது 1861இல், பிரிட்டிஷ் வெளிநாட்டு பைபிள் சங்கத்தின் வழியாக. மொழிபெயர்ப்பாளர் பெயர் வில்லியம் மேசன் என்று அச்சானது. உண்மையில் அந்த வேலையின் பெரும்பங்கு ஸ்டைன்ஹவர், ஜான் சின்க்ளேர், மேசனின் மனைவி சோஃபியா ஆகிய மூவருடையது. சோஃபியாவின் தாய் கிரீ. மொழி அவருக்குத் தாய்ப்பாலோடு வந்தது. புத்தகம் முடிந்த அதே 1861இல் காசநோயால் இறந்தார். மிஷனரி ஆசிரியர்களின் வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடக்கும் அநீதி: அட்டையில் வெளிநாட்டவர் பெயர், உள்ளே உள்ளூர்க்காரரின் மொழி.

எழுத்து மற்ற சபைகளுக்கும் போனது. 1851இல் ஆங்கிலிக்கன் சபை மூஸ் ஃபாக்டரிக்கு அனுப்பிய ஆசிரியர் ஜான் ஹோர்டன், தன் மொழிபெயர்ப்புகளை அச்சிட்டுத் தரும்படி லண்டனைக் கேட்டார். பதிலாக அடுத்த கப்பலில் அச்சுப்பொறியும் எழுத்துகளும் வெறுந்தாளும் வந்தன. லண்டனில் கிரீ மெய்ப்புத் திருத்த யார் இருக்கிறார்கள்? பொறியின் பாகங்களைத் தானே பூட்டி, கோர்க்கக் கற்று, அச்சிட்டார். ஆனால் அவரைச் சுற்றியிருந்தவர்களின் வழக்கு வேறு. 'நான்' என்பது சமவெளிக் கிரீயில் 'நீய', நார்வே ஹவுஸ் பகுதியில் 'நீன', மூஸ் பகுதியில் 'நீல'. எவன்ஸின் அட்டவணையில் லகரமே இல்லை. அதற்குப் புதுக் குறி சேர்க்க வேண்டியதாயிற்று. கிழக்கே தனி மெய்யைக் காட்ட அகர வரிசை எழுத்தையே சிறிதாக்கி மேலே வைத்தார்கள். மேற்கே எவன்ஸின் கோடுகள் நின்றன. வகரப் புள்ளியை மேற்கே எழுத்துக்குப் பின்னும் கிழக்கே முன்னும் வைக்கிறார்கள். ஒரு பகுதியின் பாடநூல் மற்றதில் தடுமாற வைக்கும் காரணம் இதுவே.

ஹோர்டனும் இ. ஏ. வாட்கின்ஸ் என்ற மிஷனரியும் அதே அமைப்பை, ஆர்க்டிக் பகுதியில் வாழும் இனுயிட் மக்களின் மொழியான இனுக்டிடுட்டுக்குத் தழுவினார்கள். 1876 முதல் மிஷனரி எட்மண்ட் பெக் அதை ஊன்றச் செய்தார். 1976இல் இனுயிட் பண்பாட்டு நிறுவனம் 'ஐ' வரிசை முழுவதையும் நீக்கியது. தட்டச்சுப் பொறியின் எழுத்து பதித்த உருண்டையில் அத்தனை எழுத்துக்கு இடமில்லை என்பது அதற்கு ஒரு காரணம்.

இதற்கிடையே, சபைகளும் அரசும் சேர்ந்து நடத்திய விடுதிப் பள்ளிகள் இதே மக்களின் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, தாய்மொழி பேசியதற்காகத் தண்டித்தன. 2015இல் கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றே பெயரிட்டது. ஒரு தலைமுறை மிஷனரி எழுதப்படிக்கச் சொல்லிக்கொடுத்த மொழியைப் பின்னால் வந்த தலைமுறைகள் வாயடைத்தன. அந்தக் காலம் முழுவதும் அசையெழுத்து வீடுகளில் இருந்த பாட்டுப் புத்தகத்திலும் வேதாகமத்திலும் கடிதங்களிலும் தங்கியிருந்தது.

1999இல் கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோட் 3.0 இந்த எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டது. கிரீ, ஒஜிப்வே, இனுக்டிடுட், டெனே மொழிகளின் வடிவங்கள் பெரும்பாலும் ஒரே தொகுதியில் இருக்கின்றன. இன்று பாடம் தயாரிப்போர் மூன்று விஷயங்களை முதலிலேயே முடிவு செய்துகொள்கிறார்கள்: மேற்கத்திய மெய்க்குறிகளா கிழக்கத்தியவையா, வகரப் புள்ளி எந்தப் பக்கம், நெடில் புள்ளி கட்டாயமா. தொகுதிக்குள் ஒன்றுபோலத் தோன்றும் குறிகள் வெவ்வேறு எண்களில் இருப்பதால், கண்ணுக்குச் சரியாகத் தெரியும் சொல் தேடலில் அகப்படாமல் போவதும் உண்டு. அகராதிகளும் புதிய பாடநூல்களும் நெடில் புள்ளியை வைக்கின்றன. பழைய பாட்டுப் புத்தகங்களில் அது இல்லாத இடங்களில், முதியவர் ஒருவர் கூட உட்கார்ந்து வாசித்துக்காட்ட, பிள்ளைகள் பென்சிலால் குறித்துக்கொள்வதே இப்போதைக்குக் கைகொடுக்கும் வழி.